புகையாகாத மனிதன்

சென்ற வாரம் நக்லாவை அவள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில், கையில் கைபேசியோடு உட்கார்ந்த நிலையில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், நோன்போடு உட்கார்ந்திருக்கிறாள். அவளை எழுப்புவதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

இந்த ரமலானில் கெய்ரோவே நோன்பு திறந்த கையோடு உட்கார்ந்து பார்க்கிற 'செப்பு மோதிரம்' தொலைக்காட்சித் தொடரை எழுதுகிறவள் அவள்தான்.

கதாநாயகன் ஹைதம் ஒரு போலீஸ் அதிகாரி; ஜனங்கள் மரியாதையாக 'ஹைதம் பாஷா' என்பார்கள். அவன் விரலில் ஒரு செப்பு மோதிரம். மனித உருவத்தில் ஊருக்குள் திரியும் ஜின்களை அது அவனுக்குக் காட்டிக்கொடுக்கும். மோதிரக் கையால் ஓங்கி ஓர் அறை விட்டால் போதும், ஜின் புகையாகிக் கலைந்துவிடும். பதினாறு நாட்களில் அப்படி எத்தனையோ பேர் கலைந்துவிட்டார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, நீதிபதி இல்லை. அறை மட்டும்தான். ஜனங்கள் கை வலிக்கக் கைதட்டினார்கள்.

நேற்றைய பகுதி, மொச்சை வண்டிக்காரன் பயூமியை ஹைதம் பிடித்துக்கொண்டு போவதோடு முடிந்தது. பதினேழாம் நாளான இன்று ஹைதம் அறையப்போவது அவனைத்தான். பயூமி புகையாகப் போவதில்லை. அவன் காதிலிருந்து ரத்தம் வரப்போகிறது.

படிக்கட்டில் உட்கார்ந்தபடியே நக்லா தயாரிப்பாளர் நபீலைக் கூப்பிட்டாள்.

"உஸ்தாஸா, நேத்து முன்னோட்டம் போட்டதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல," என்றார் நபீல். உஸ்தாஸா என்றால் ஆசிரியை; மரியாதைக்காகச் சொல்வது. "நாற்பது பேரைக் கூட்டி உட்காரவெச்சு, இன்னிக்கு வரப்போற பகுதியைப் போட்டுக் காட்டினோம்."

"என்ன சொன்னாங்க?"

"முப்பத்தொரு பேர், அந்த வண்டிக்காரன் ஜின்னாத்தான் இருக்கணும், அடிபட்ட மாதிரி நடிக்கிறான்னு சொன்னாங்க. ஹைதம் பாஷா தப்பே பண்ணமாட்டாராம்."

"மீதி ஒன்பது பேர்?"

"அழுதாங்க."

"அப்போ ஒன்பது பேருக்குப் புரிஞ்சிருக்கு."

"ஒன்பது பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? ஜனங்களே நமக்கு வழி சொல்லிட்டாங்க. இருபதாம் பகுதியில, பயூமி ஜின்னுதான்னு தெரியணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் படப்பிடிப்பு. இன்னிக்கு ராத்திரி இஷா பாங்குக்குள்ள பக்கம் என் கைக்கு வந்துடணும்."

"வரலைன்னா?"

"இமாத் இருக்கான். வேகமா எழுதுவான்." நபீல் சற்றுத் தணிந்தார். "ரெண்டே பக்கம், உஸ்தாஸா. கோவிச்சுக்காதீங்க."

ஒரு மனிதனை ஜின்னாக மாற்ற இரண்டு பக்கம் போதும் என்று நக்லா நினைத்துக்கொண்டாள். எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

நபீலுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பயூமியை அவள் கற்பனை செய்யவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, அண்ணன் ஷஹாத்தா நான்கு நாள் காணாமல் போனான். ஐந்தாம் நாள் காலையில் வந்து நின்றான். டிராமிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னான். அன்றிலிருந்து இடது காது கேட்காது. ஊர் நம்பியது. பிற்பாடு கட்டிக்கொண்ட மனைவி கவ்சரும் நம்பினாள். ஆனால் அன்று மத்தியானம் அறைக்குள் அவன் அப்பாவிடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நக்லா கேட்டுவிட்டாள்.

"அப்பா, அவங்க தேடினது வேற ஒரு ஷஹாத்தாவை."

அப்பா அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லாமலே இறந்துபோனார். நக்லா இருபத்திரண்டு வருடம் சொல்லாமல் இருந்தாள். பிறகு எழுதிவிட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டாள்.

இன்று நோன்பு திறந்த பிறகு, நகரத்தின் ஷுப்ரா பேட்டையில் தன் வீட்டுக் கூடத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்து அவன் அதைப் பார்க்கப்போகிறான். அதற்குள் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

*

ஷஹாத்தாவின் இஸ்திரிக் கடையில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். நக்லா போனபோது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்திருந்தது. டீக்கடை முதலாளி ஹஜ் தஸூக்கி தன் அங்கிக்காகக் காத்திருந்தார். எதிர்வீட்டு உம்மு ஹானி மடித்த திரைச்சீலைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"வந்துட்டாளே!" என்று உம்மு ஹானி கத்தினாள். "ஏம்மா, அந்த மொச்சைக்காரன் யாரு? ஜின்னுதானே? எனக்கு மட்டும் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"உங்ககிட்ட சொன்னா மைக் வெச்சு சொன்ன மாதிரி," என்றார் ஹஜ் தஸூக்கி.

"நீங்க சும்மா இருங்க ஹஜ். ஹைதம் பாஷா ஒரு அப்பாவி மேல கை வெக்கிறதாவது! அவர் கண்ணைப் பாருங்க. அந்தக் கண்ணுக்குப் பாவம் பண்ணத் தெரியுமா?"

"கண்ணு அழகா இருந்தா கை சுத்தமாயிடுமா?"

"நேத்து வரைக்கும் நீங்கதானே டீக்கடையில மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தீங்க? 'போடு இன்னொண்ணு, போடு இன்னொண்ணு'ன்னு உங்க குரல் என் வீட்டு வரைக்கும் கேட்டுச்சு!"

ஹஜ் தஸூக்கி சிரித்தார். "ஜின்னைத்தானேம்மா போடச் சொன்னேன்."

ஷஹாத்தா தலையை நிமிர்த்தாமல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு பேரும் அவனுக்கு வலது பக்கமாக நின்றார்கள். அந்தச் சந்தில் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம் அது. அவனிடம் பேச வேண்டும் என்றால் கால் தானாகவே அந்தப் பக்கம் போய்விடும்.

சுவரில் வரிசையாகத் தொங்கிய சட்டைகளில் நான்கு போலீஸ் சட்டைகள். கடைத்தெருவுக்கு அப்பால் இருக்கும் காவல் நிலையத்திலிருந்து வருகிறவை.

அவர்கள் இருவரும் போன பிறகு நக்லா அந்தச் சட்டைகளையே பார்த்தாள்.

"அண்ணா, இதெல்லாம் தேய்க்கும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?"

"எதெல்லாம்?"

"இந்தச் சட்டைங்க."

ஷஹாத்தா ஒரு காலரைப் புரட்டிப் போட்டான். "சட்டை என்ன பண்ணுச்சு?"

அவ்வளவுதான். அவள் வாய் வரைக்கும் வந்த பேச்சு அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதன்தான் இந்தப் பெட்டியை ஓட்டி ஓட்டி அவளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவன். இவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

"அண்ணா, இன்னிக்கு வர்ற பகுதி..."

"சொல்லாத, சொல்லாத!" அவன் கையை ஆட்டினான். "தஸ்னீம் காதுல விழுந்தா என்னைக் கொன்னுடுவா. அவளுக்கு முன்னாடி எனக்குக் கதை தெரிஞ்சா வீட்டுல சோறு கிடையாது."

"நான் சொல்ல வந்தது அது இல்ல..."

"நீ எழுதினதை நான் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அதுதான் எனக்குப் பெருமை." அவன் நிமிர்ந்து சிரித்தான். "போ, அண்ணி தனியா கஷ்டப்படுறா. போய் ஒரு கை குடு."

கடைக்கு மேலே இருந்த அண்ணன் வீட்டுக்கு நக்லா படியேறினாள். ஒவ்வொரு படியும் ஒரு மாடி மாதிரி இருந்தது.

*

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். பிறகு கொஞ்ச நேரம் தட்டும் கரண்டியும்தான் பேசின. கவ்சர் முலுக்கியா கீரைக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றி ஊற்றி வைத்தாள். நக்லாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"என்னம்மா, உப்பு போதலையா?"

"நல்லா இருக்கு அண்ணி. வெயில் அலைச்சல்."

பதினாறு வயது தஸ்னீமுக்குச் சாப்பாட்டில் கவனமே இல்லை. கைபேசியின் முகப்பில் ஹைதமின் படம். அதற்குக் கீழே, மோதிரம் போட்ட ஒரு கை.

"அத்தை, எங்க வகுப்புல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, பயூமி ஜின்னுன்னு சொல்லுது. இன்னொரு கட்சி, பயூமிக்குள்ள ஜின்னு புகுந்திருக்குன்னு சொல்லுது."

"மூணாவது கட்சி இல்லையா?" என்று நக்லா கேட்டாள்.

"மூணாவதா என்ன இருக்கு?"

நக்லா தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தாள்.

தொடரின் முகப்புப் பாட்டு ஆரம்பித்தபோது எல்லாரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அந்தச் சந்து குறுகலானது. எதிர்வீட்டு உம்மு ஹானியின் கூடத்தில் ஓடும் திரை இங்கிருந்தே தெரியும். கீழே டீக்கடையில் பெரிய திரை. மேல்மாடி, பக்கத்துவீடு, அதற்கடுத்த வீடு, எல்லாவற்றிலிருந்தும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில், சந்து முழுக்க வழிந்துகொண்டிருந்தது.

கவ்சர் வழக்கம்போலப் புருஷனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். நக்லா சுவரோரமாக நின்றாள். உட்கார முடியவில்லை.

திரையில் காவல் நிலையத்தின் பின்னறை. பயூமி நின்றிருந்தான். கையில் இன்னும் மொச்சை அள்ளும் நீளக் கரண்டி.

"பாஷா, என் பேரு பயூமி. நீங்க தேடுற ஆள் வேற பயூமி."

ஷஹாத்தாவின் கையிலிருந்த தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது.

நக்லா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹைதம் மோதிரத்தைத் திருகினான். கையை ஓங்கினான். "புகையாகு!" என்று தஸ்னீம் முணுமுணுத்தாள். கீழே டீக்கடையில் பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாகக் கத்தின. "போடு!"

அறை விழுந்தது.

அந்த நொடியில் சத்தம் நின்றது.

இந்த வீட்டில் மட்டுமில்லை. எதிர்வீட்டில் நின்றது. மேல்மாடியில் நின்றது. டீக்கடையில் நின்றது. சந்து முழுக்க ஓடிக்கொண்டிருந்த அத்தனை பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. திரையில் பயூமி கீழே விழுந்துகொண்டிருந்தான். ஹைதமின் உதடுகள் அசைந்தன. ஒரு போலீஸ்காரன் கதவைத் திறந்துகொண்டு எதையோ கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை.

'அடி விழுந்த பிறகு ஒரு நிமிடம் ஒலி வேண்டாம்' என்று அவள்தான் எழுதியிருந்தாள். ஐந்து விநாடி விட்டால் அதிகம் என்று நினைத்திருந்தாள். இயக்குநர் முழு நிமிடத்தையும் விட்டிருக்கிறார். ஒரு தெருவையே அது இப்படிப் பிடித்து நிறுத்தும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

எதிர்வீட்டில் உம்மு ஹானி எழுந்து பெட்டியின் தலையில் தட்டினாள். கவ்சர் தொலையியக்கியைத் தேடினாள்.

ஷஹாத்தா குவளையைக் கீழே வைத்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. வலது உள்ளங்கையால் வலது காதைப் பொத்தினான். எடுத்தான். மறுபடி பொத்தினான்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்று நக்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல காதும் போய்விட்டது என்று நினைத்துவிட்டான்.

அவள் ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். "அண்ணா! அண்ணா, கேட்குது! உங்க காது நல்லாத்தான் இருக்கு. டிவியிலதான் சத்தம் இல்ல!"

அவன் அவளையே பார்த்தான்.

"டிவியிலயா?"

"ஆமா அண்ணா."

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும்."

ஷஹாத்தா மெல்லத் திரும்பி பால்கனி வழியாகப் பார்த்தான். எதிர்வீட்டில் பெட்டியைத் தட்டுவதை விட்டுவிட்டு உம்மு ஹானி திரையின் முன்னால் சும்மா நின்றிருந்தாள். கீழே, ஹஜ் தஸூக்கி கடையில் ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்றிருந்தன. யாரும் யாரோடும் பேசவில்லை. பயூமியின் காதிலிருந்து வடிந்த ரத்தம் சட்டைக் காலரில் இறங்குவதை, ஷஹாத்தாவின் இடது காதைப் போலவே, ஒன்றும் கேட்காமல் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பக்கம் எனக்கு எப்பவும் இப்படித்தான்," என்றான் ஷஹாத்தா. யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

பிறகு சத்தம் திரும்பி வந்தது.

*

பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போதே சந்தில் வழக்கு ஆரம்பமாகிவிட்டது. பால்கனிக்குப் பால்கனி, பால்கனிக்கு டீக்கடை. தினமும் நடக்கிறதுதான். ஆனால் இன்று யாரும் சிரிக்கவில்லை.

"அவர் வேணும்னா செஞ்சாரு?" என்று உம்மு ஹானி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். குரல் உடைந்திருந்தது. "மோதிரம் காட்டுச்சு, அடிச்சாரு. மோதிரம் பொய் சொன்னா அவர் என்ன பண்ணுவாரு?"

"மோதிரம் கண்ணுக்குத்தான் காட்டும். கையை ஓங்கச் சொல்லி மோதிரமா சொல்லுச்சு?" மேல்மாடியிலிருந்து ஒரு குரல்.

"அப்போ குழந்தைங்களைத் திருடுற ஜின்னை எல்லாம் சும்மா விடணுமா?"

"யாரு விடச் சொன்னா? கேட்டுட்டு அடிச்சா என்ன? அந்த ஆள் பேரைத்தானே சொன்னான்?"

கீழே ஹஜ் தஸூக்கி தன் கடைவாசலுக்கு வந்து நின்றார். பெரிய உடம்பு. அவர் தலையை அண்ணாந்தபோது சந்து கொஞ்சம் அடங்கியது.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றார். "பதினாறு நாளா நானும் மேசையைத் தட்டினேன். அவர் அடிச்சவங்க எல்லாம் புகையாப் போனாங்க. புகையாப் போனதாலதான் அவங்க ஜின்னுன்னு நாம நம்பினோம். போறதுக்கு முன்னாடி அதுல யாராவது ஒருத்தர், 'நான் அவன் இல்ல'ன்னு சொன்னாங்களா? எனக்கு ஞாபகம் இல்ல. நான் கேட்கவே இல்ல. தட்டிக்கிட்டு இருந்தேன்."

அவர் திரும்பித் தன் கடை மேசையைப் பார்த்தார்.

நக்லா பால்கனியின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாறு இரவுகளாக அவள் எழுதிவைத்த அறைகள் எத்தனை! அந்தக் கேள்வி ஒரு தடவைகூட அவளுக்கே தோன்றவில்லை. டீ ஆற்றுகிற இந்த மனிதருக்குத் தோன்றிவிட்டது. முப்பத்தொரு பேர், ஒன்பது பேர் என்று நபீல் கணக்குச் சொன்னாரே, அந்தக் கணக்கில் இவர் எந்தப் பக்கம்? காலையில் கேட்டிருந்தால் முப்பத்திரண்டாவது ஆளாக இருந்திருப்பார். ஒரே ஒரு நிமிடம் சத்தம் நின்றதற்கு, தான் தட்டிய மேசையையே விசாரிக்கிறார். கடலின் முன்னால் முதன்முதலாக நிற்கிற குழந்தை மாதிரி அவள் அவரையே பார்த்தபடி நின்றாள்.

தஸ்னீம் அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"அத்தை."

"என்ன கண்ணு?"

"எனக்கு அவரை இன்னும் பிடிச்சிருக்கு. அதுதான் பயமா இருக்கு."

நக்லா அவள் தோளைச் சுற்றிக் கை போட்டாள். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

எதிரே உம்மு ஹானி விடுவதாக இல்லை. "நான் சொல்றேன் பாருங்க. ரெண்டு நாள்ல எல்லாம் வெளியில வரும். அந்த ஆள் ஜின்னுதான். ரத்தம் எல்லாம் வேஷம். ஹைதம் பாஷா மேல ஒரு சொட்டுக் குத்தம் வராது!"

"ஜின்னு இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். ஷஹாத்தா பால்கனி வாசலில் நின்றிருந்தான். தினமும் இந்தச் சண்டையை உள்ளே உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கிறவன். அவன் வாயைத் திறந்து இந்தச் சந்து பார்த்ததில்லை.

"உனக்கு எப்படித் தெரியும் ஷஹாத்தா? உன் தங்கச்சி சொன்னாளா?"

"இல்ல."

"பின்ன?"

"நான் ஜின்னு இல்லையே," என்றான் ஷஹாத்தா.

உம்மு ஹானிக்குப் புரியவில்லை. ஹஜ் தஸூக்கிக்குப் புரிந்துவிட்டது. அவர் கை மெல்லத் தன் இடது காதுப் பக்கம் போனது.

"எனக்கு அப்போ இருபத்து மூணு வயசு," என்றான் ஷஹாத்தா. சத்தமாகப் பேசவில்லை, ஆனால் சந்து மொத்தமும் கேட்டது. "டிராமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பேருல இன்னொருத்தன் இருந்தான். நாலு நாள் வெச்சிருந்தாங்க. ரெண்டாம் நாள் ஒரே ஒரு அறை. அவ்வளவுதான். அப்புறம் அந்த ஆள் கிடைச்சுட்டான்னு என்னை வெளியில விட்டாங்க. 'தப்பா நெனைச்சுக்காதே'ன்னு சொன்னாங்க. வலது பக்கம் நின்னு சொன்னாங்க போலிருக்கு, அது கேட்டுச்சு."

உம்மு ஹானி தன் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். "தினம் உன் கடை வாசல்ல நின்னு நான் என்னென்ன பேசினேன்!" என்றாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்ட சொன்னா மைக் வெச்சு சொன்ன மாதிரி," என்றான் ஷஹாத்தா.

கீழே யாரோ சிரித்துவிட்டார்கள். உம்மு ஹானியும் அழுதுகொண்டே சிரித்தாள்.

கவ்சர் மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடக் குடித்தனம். கூடத்திலிருந்து எழுந்து வந்து புருஷனுக்கு எதிரே நின்றாள்.

"டிராமுன்னு சொன்னீங்களே," என்றாள்.

"சொன்னேன்."

"எங்க அம்மா வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். பிள்ளைகிட்ட சொன்னேன். டிராம்ல தொங்காதேன்னு அவளைத் தினம் திட்டினேன்."

"தெரியும்."

அவள் ஏதோ கடுமையாகச் சொல்லப்போகிறாள் என்று நக்லா நினைத்தாள். கவ்சரோ அவனைச் சுற்றிக்கொண்டு போய், அதுவரை நிற்காத இடது பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் நிற்பது தெரிந்து, தோளைக் கொஞ்சம் சாய்த்தான்.

*

சந்து கலைந்த பிறகு அண்ணனும் தங்கையும் பால்கனியில் தனியாக நின்றார்கள். உள்ளே கவ்சரும் மகளும் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"கதவுக்குப் பின்னாடி நின்னியா?" என்று கேட்டான் ஷஹாத்தா.

"நின்னேன்."

"நான் அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதான் யோசிச்சேன்."

"அண்ணா, நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

நக்லாவின் கண் நிரம்பியது. அவன் அவளைத் தேற்றவில்லை.

"கோபமாத்தான் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றான். "ஆனா அந்த ஒரு நிமிஷம்... எத்தனை வருஷமா நான் மட்டும் இருந்த இடம் அது. திரும்பிப் பார்த்தா தெருவே உள்ள வந்து நிக்குது. உம்மு ஹானி நிக்கிறா. தஸூக்கி நிக்கிறார். அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு... நக்லா, நீ இதை எப்படிச் செஞ்சே?"

"நான் செய்யல அண்ணா. 'ஒலி வேண்டாம்'னு ஒரு வரி எழுதினேன். மீதி எல்லாம் அவங்க செஞ்சது."

கைபேசி அடித்தது. நபீல். அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள். இனி அவனுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

"உஸ்தாஸா! ஊரே பத்திக்கிச்சு!" நபீலுக்கு மூச்சு வாங்கியது. "பாதிப் பேரு ஹைதமைக் கைது பண்ணுங்கறான். பாதிப் பேரு உங்களைக் கைது பண்ணுங்கறான். ஒருத்தன், 'எங்க தெருவுல யாரும் டீ குடிக்கல'ன்னு எழுதியிருக்கான். நான் இத்தனை வருஷத்துல இந்த மாதிரிப் பார்த்ததே இல்ல."

"அப்போ பயூமி மனுஷனாவே இருக்கலாமே?"

நபீலின் குரல் இறங்கியது.

"இல்ல. மேல இருக்கறவங்க பயந்துட்டாங்க. நாயகனை இப்படி அந்தரத்துல விடமுடியாதுன்னுட்டாங்க. நடிகரும் அதையேதான் சொல்றாரு. இனிமே தெருவுல இறங்கினா குழந்தைங்க என்னைப் பார்த்து ஓடும்னு. ஜின்னுதான், உஸ்தாஸா. ரெண்டு பக்கம் அனுப்புங்க. இஷா பாங்கு சொல்லப்போறாங்க."

"அனுப்பமாட்டேன்."

"நக்லா..."

"அந்த மனுஷனை ஜின்னுன்னு என் கையால எழுதமாட்டேன். யாரை வேணும்னா எழுதச் சொல்லுங்க."

"அப்போ இமாத் காலையில எட்டு மணிக்கு வருவான். இருபதிலேர்ந்து அவன் பேருதான் போகும். யோசிச்சுக்கோங்க."

இணைப்பு அறுந்தது. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நக்லா நின்றாள். முதல் பகுதியிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த கதை, ஒரே மூச்சில் கையைவிட்டுப் போய்விட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

ரமலான் இரவின் தராவீஹ் தொழுகைக்குப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராக சந்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடந்து போகும்போது ஒவ்வொருவரும் தலையை நிமிர்த்தி, "ஸலாம், ஷஹாத்தா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னான்.

"படப்பிடிப்பு எங்க நடக்குது?" என்று திடீரென்று கேட்டான்.

"ஊருக்கு வெளியில, பாலைவனச் சாலையில. ஏன் அண்ணா?"

"அந்த நடிகர் எட்டு மணிக்கு இருப்பாரா?"

"இருப்பாரு. ஏன்?"

"கடைக்கு நாளைக்கு லீவு. நானும் வரேன்."

நக்லா பதறிப்போனாள். "அங்க வந்து என்ன சொல்லப்போறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவர் என் இடது பக்கம் வந்து நிக்கட்டும். அவருக்கு என்ன தோணுதோ, ஒரு வார்த்தை பேசட்டும். என் முகத்தைப் பார்த்துக்கிட்டே பேசட்டும்." ஷஹாத்தா பால்கனிக் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "அப்புறமும் நான் ஜின்னுன்னு அவங்களுக்குத் தோணுச்சுன்னா, எழுதிக்கட்டும்."